எந்தப் பக்கம் திரும்பப் போகிறாய்?

வெள்ளவத்தையில் காலி வீதியின் கடற்பக்க நடைபாதையில் மாலை ஆறரை மணிக்கு நடந்து பாருங்கள். ஸ்டேஷன் வீதி, ராமகிருஷ்ண வீதி, சார்ளிமொன்ட் வீதி என்று கொஞ்ச தூரத்துக்கு ஒரு வீதி கடலை நோக்கி இறங்கும். ஒவ்வொன்றின் வாயிலும் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். வருகிற வாகனம் நேரே போகப் போகிறதா, இந்த வீதிக்குள் திரும்பி மரீன் டிரைவுக்கு இறங்கப் போகிறதா? அதை நமக்குச் சொல்ல அந்த வாகனத்திடம் இருப்பது சிக்னல் விளக்கு ஒன்றுதான். இருட்டில் ஓட்டுபவரின் முகம் தெரியாது. ஹோர்ன் அடித்தால் வருகிறான் என்று தெரியுமே தவிர எங்கே போகிறான் என்று தெரியாது. மரக்கறிப் பையோடு நிற்கும் ஒரு மனுஷி, காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்பதை அந்த ஒரு விளக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாள்.

இப்போது அந்த விளக்கைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஓட்டோவின் முன்கண்ணாடியைச் சுற்றி நீலப் பட்டி. கீழே மட்கார்ட்டில் வெள்ளை. சிக்னல் போட்டதும் பட்டி முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் ஓடுகிறது, ஆனால் வண்டி திரும்புவது ஓடிய திசைக்கு எதிர்த்திசையில். சில வேன்களில் சிக்னலோடு சேர்ந்து பச்சையும் சிவப்பும் மாறி மாறி அடிக்கின்றன. பஸ்களில் மேல் விளிம்பு முழுவதும் மினுக்குகிறது. இத்தனைக்கும் நடுவில், கம்பனி பூட்டி அனுப்பிய அந்தச் சின்ன மஞ்சள் பல்ப் எரிகிறதா அணைகிறதா என்று யார் கண்டார்?

விளக்கு அலங்காரத்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு காலி வீதி வழியாக பம்பலப்பிட்டிக்கு வரும்போது பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தவன்தான் நான். சொந்தமாக ஒரு ஓட்டோ வாங்கி, லீசிங் கட்டி, அதை அழகாக வைத்திருக்க நினைக்கிற மனிதரின் ஆசையும் எனக்கு விளங்குகிறது. என் ஆதங்கம் ஒரே இடத்தில்தான். அழகுக்குப் பூட்டுகிற விளக்கின் கம்பியைக் கொண்டுபோய் சிக்னல் கம்பியில் ஏன் முறுக்குகிறீர்கள்? வாகனத்தில் பட்டரியிலிருந்து எத்தனையோ கம்பிகள் போகின்றன. இன்னொரு மனிதனோடு பேசுவதற்கென்று இருக்கிற கம்பி அது ஒன்றுதானே?

சிக்னல் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் உட்கார்ந்து யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளின்படி நிறம் அம்பர், அதாவது நாம் மஞ்சள் என்று சொல்கிற அந்தச் செம்மஞ்சள். மினுக்கும் வேகம் நிமிடத்துக்கு 60 தடவைக்குக் குறையக்கூடாது, 120 ஐத் தாண்டக்கூடாது. இடம், வாகனத்தின் இரண்டு ஓரங்கள். அமெரிக்காவில் பின்பக்கம் சிவப்பாக மினுக்க அனுமதி உண்டு, மற்றப்படி பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழமை. நிறம், இடம், வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாம் யோசிக்கவே தேவையில்லை, கண் தானாகப் புரிந்துகொள்ளும். பழைய மொரிஸ் மைனர் கார்களில் கதவுக்குப் பின்னாலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், கொழும்பில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1961 இல் அந்தக் கையை எடுத்துவிட்டு மினுக்கும் விளக்கைக் கொண்டுவந்தார்கள். கையோ விளக்கோ, பார்க்கிறவனுக்கு இடமா வலமா என்ற ஒரே விஷயத்தைச் சந்தேகமில்லாமல் சொன்னது. இன்றைக்கு அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கிற விளக்குகள் வந்துவிட்டன.

நீலமும் சிவப்பும் மினுக்கினால் என் மனம் அம்புலன்ஸ் என்றுதான் நினைக்கும். 2016 இல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வந்த பிறகு, அந்த வெளிச்சம் பின்னால் தெரிந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று கொழும்பு சனம் மெல்ல மெல்லப் பழகியது. நல்ல பழக்கம், கஷ்டப்பட்டு வந்த பழக்கம். இப்போது ஒதுங்கி வழிவிட்ட பிறகு பார்த்தால், இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்ட ஒரு ஓட்டோ. இரண்டு மூன்று தடவை இப்படி ஏமாந்தவர் அடுத்த தடவை உண்மையான அம்புலன்ஸுக்கு ஒதுங்குவாரா?

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. தெரியாத பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நான் வாங்கிய டொல்பின் வேன் பல கை மாறி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை, வாகனம் வேண்டும் என்றால் எல்லாருக்கும் அந்த வழிதானே இருந்தது. வேனின் பின் பம்பரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட விளக்குகள் பூட்டியிருந்தார்கள். மஞ்சள் நிறம்தான். சிக்னல் போட்டால் அவையும் சேர்ந்து மினுக்கும். பின்னால் வருகிறவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். விற்றவரும் அதைப் பெருமையாகக் காட்டினார்.

கொட்டாஞ்சேனையில் புளூமெண்டால் வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் இடப்பக்கம் திரும்புகிறேன். சிக்னல் போட்டிருக்கிறேன். டக் டக் என்று சத்தம் கேட்கிறது, டாஷ்போர்டில் பச்சை அம்பு மினுக்குகிறது. எதிரே நடந்து வந்த வயதான ஒருவர் ஒழுங்கை வாயில் காலை வைத்துவிட்டார். பிரேக் பிடித்து நிறுத்தினேன். அவர் கையிலிருந்த குடையால் பொனட்டில் ஓங்கித் தட்டினார். “சிக்னல் போட மாட்டியா? மனுஷன் நடக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?” என்று கத்தினார். “போட்டிருக்கேன் ஐயா” என்றேன். “எங்க போட்டிருக்க, காட்டு பாப்போம்” என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன் இடப்பக்க விளக்கு செத்துக் கிடந்தது. பக்கவாட்டிலிருந்த சின்ன விளக்கு மங்கிப்போன கண்ணாடிக்குள் இருக்கிறதா இல்லையா என்று எரிந்தது. பின்னால் இரண்டு விளக்குகளும் பிரமாதமாக மினுக்கிக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரிந்தது முன்பக்கம் மட்டும்தானே. அவர் சொன்னதில் என்ன பிழை?

எனக்கு விளங்காதது வேறொன்று. பல்ப் ஒன்று செத்தால் சிக்னல் படபடவென்று வேகமாக அடிக்கும், அது வாகனம் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் படபடப்பைக் கேட்டுத்தான் நாம் பல்ப் மாற்றுகிறோம். என் வேன் ஏன் படபடக்கவில்லை?

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் வயரிங் வேலை செய்கிற ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். பல்ப் மாற்ற ஐந்து நிமிஷம் போதும். அவரோ பல்பைத் தொடாமல் முதலில் பின் மூலையில் இருந்த உட்தகட்டைக் கழற்றினார். உள்ளே பச்சைக் கோடு போட்ட ஒரு கம்பியின் தோலைப் பிளேட்டால் சீவி, அதில் சிவப்புக் கம்பி ஒன்றை விரலால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் வெயிலில் இளகி, பசை வழிந்து, தூசி அப்பியிருந்தது. அதை அவர் உரித்தபோது உள்ளே செம்பு செம்பாக இல்லை. பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. “வெள்ளவத்தை வண்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உப்புக் காத்து. மரீன் டிரைவ் பக்கம் நிறுத்துற வண்டி எல்லாம் இப்படித்தான் வரும். ஈயம் வச்சு மூடியிருந்தா இது நடக்காது. முறுக்கி டேப் அடிச்சா ஒரு மழைக்காலம் தாங்காது” என்றார்.

பிறகு ஒரு காகிதத் துண்டில் கணக்கு எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது. வாகனத்தின் ஒரு பக்கத்து சிக்னலில் முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட். மொத்தம் 47. சிக்னலை மினுக்க வைக்கிற பிளாஷர் என்ற சின்னப் பெட்டிக்கு இந்தக் கணக்கு தெரியும். அதாவது இத்தனை வாட்டுக்கு உரிய மின்னோட்டம், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4 அம்பியர், தன் வழியாகப் போகிறது என்று அது உணர்கிறது. ஒரு 21 வாட் பல்ப் செத்தால் மின்னோட்டம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். உடனே பிளாஷர் வேகத்தை இரட்டிப்பாக்கி, பல்ப் போய்விட்டது பார் என்று நமக்குச் சொல்லும். இது வாகனம் செய்தவன் நமக்கென்று வைத்த எச்சரிக்கை. அதற்குத் தனி மீட்டரோ கம்பியூட்டரோ தேவையில்லை, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது பின் பம்பரில் இன்னொரு 21 வாட் பல்பைச் சேர்த்து முறுக்கிவிட்டால் மொத்தம் 68. முன் பல்ப் சாகிறது. 68 இலிருந்து 21 ஐக் கழித்தால் எவ்வளவு? 47. கம்பனி சொல்லிக் கொடுத்த அதே 47. பிளாஷருக்கு எல்லாம் சரி. சத்தமும் சரி, பச்சை அம்பும் சரி. முன்னால் விளக்கு இல்லை என்று வண்டிக்கும் தெரியாது, ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. தெரிய வருவது குடையோடு வருகிற அந்தக் கிழவருக்கு மட்டும்தான், அதுவும் வண்டி அவர் மேல் திரும்பிய பிறகு.

எத்தனை மாதமாக, எத்தனை ஒழுங்கைகளில், சிக்னல் போட்டுவிட்டேன் என்ற நம்பிக்கையில் நான் திரும்பியிருப்பேன்? கூடுதல் வெளிச்சம் பாதுகாப்பு என்று சொல்லித்தானே அதைப் பூட்டினார்கள். அந்தப் பாதுகாப்புதான் என் வாகனத்தின் எச்சரிக்கையை ஊமையாக்கியிருக்கிறது. இதை அந்த விளக்கைப் பூட்டிய கராஜில் ஒருவர் விற்றவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? விற்றவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் தெரியாது. விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது, காசு கைமாறியது.

சரியாகச் செய்வது பெரிய வித்தையும் இல்லை. பாஸ் மேசையிலிருந்து ஒரு ரிலேயை எடுத்துக் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி. அடியில் நான்கு கால்கள், பக்கத்தில் 85, 86, 30, 87 என்று இலக்கங்கள். சிக்னல் கம்பியிலிருந்து வருவது 86 க்கு. 85 பொடியில் எர்த். பட்டரியிலிருந்து தனி பியூஸ் வைத்து ஒரு கம்பி 30 க்கு. 87 இலிருந்து கூடுதல் விளக்குக்கு. சிக்னல் மினுக்கும்போது ரிலே உள்ளே டக் என்று சேர்ந்து, விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைப் பட்டரியிலிருந்தே நேரடியாகக் கொடுக்கும். சிக்னல் கம்பியிலிருந்து ரிலே எடுப்பது ஒன்று ஒன்றரை அம்பியர்கூட இல்லை, அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே பிளாஷருக்கு அதே பழைய 47 கணக்கு குழம்பாமல் இருக்கும். பல்ப் செத்தால் பழையபடி படபடக்கும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, இரண்டே இரண்டு ரிலே. சில நூறு ரூபா சாமான்.

“அப்படியென்றால் ஏன் யாரும் போடுவதில்லை?” என்று கேட்டேன்.

“யார் கேக்குறாங்க? ரிலே போடணும்னா பட்டரி வரைக்கும் கம்பி இழுக்கணும், கார்ப்பெட் கழட்டணும், அரை நாள் வேல. நேரா முறுக்கினா பத்து நிமிஷம். கஸ்டமர் வெளிய நின்னுக்கிட்டு போன பாத்துக்கிட்டு அவசரப்படுறார். பக்கத்து கடைல இதே வேலைய பாதி காசுக்கு செய்வான். நான் ரிலே பத்தி சொன்னா, காசு பிடுங்கப் பாக்குறான்னு நினைக்கிறாங்க” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

2022 க்குப் பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 200 ரூபாவுக்கு இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஐத் தொட்டது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எந்தச் சாமானையும் தொட முடியவில்லை. நல்ல பிளாஷர் வாங்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று, பியூஸ் போட வேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பி, இப்படித்தான் பல வாகனங்கள் அந்தக் காலத்தைக் கடந்தன. கஷ்டத்தில் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செம்புக் கம்பி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதே கம்பியின் மேல்தான் இப்போது புது விளக்கைப் பூட்டுகிறார்கள்.

அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று யோசிக்கிறார்களா? இரண்டு பக்கமும் சேர்ந்து எரிகிற டபுள் சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பனிக் கணக்கில் 94 வாட், எட்டு அம்பியருக்குள். கூடுதல் விளக்கு இரண்டும் சேர்ந்தால் 136 வாட், பதினொரு அம்பியரைத் தாண்டும். 10 அம்பியர் பியூஸ் போட்ட வாகனத்தில் அது அளவுக்கு மிஞ்சிய பாரம், பியூஸ் போகலாம், போவதுதான் நல்லது. போனால் என்ன செய்கிறார்கள்? 20 அம்பியர் பியூஸைக் குத்துகிறார்கள். இனிப் பியூஸ் போகாது, கம்பிதான் சூடாகும். அந்தக் கம்பி டாஷ்போர்டுக்குப் பின்னால் மற்ற எல்லாக் கம்பிகளோடும் ஒரே கட்டாகப் போகிறது. நடுவீதியில் வண்டி பழுதாகி நின்று டபுள் சிக்னல் போட்டுவிட்டு உதவிக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் அது முழுப் பாரத்தையும் சுமக்கிறது.

பழைய மாதிரிப் பிளாஷர் உள்ள வண்டிகளில் இன்னொரு கூத்து. அதற்குள் இருப்பது சூடானால் இயங்குகிற தகடு. பாரம் கூடினால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் சூடானால் வேகமாக மினுக்கும், வேகமாக மினுக்கினால் தொடுமுனை கருகும். ஒரு நாள் கருகி ஒட்டிக்கொண்டால் விளக்கு மினுக்காமல் நின்று எரியும். நின்று எரிகிற மஞ்சள் விளக்குக்கு வீதியில் அர்த்தமே இல்லை.

எல்.ஈ.டி. போட்டால் பாரம் குறையுமே என்பார்கள். குறையும். அளவுக்கு மிஞ்சிக் குறையும். கம்பனி பல்ப்களைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்ப் போட்டால் மின்னோட்டம் இறங்கி, பல்ப் செத்துவிட்டது என்று பிளாஷர் நினைத்துப் படபடக்கும். அதை அடக்க ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போடுகிறார்கள். தங்க நிறத்தில், 6 ஓம் 50 வாட் என்று எழுதியிருக்கும். அது செய்கிற வேலை 2 அம்பியர் மின்சாரத்தை வாங்கி வெறும் சூடாக்கி விடுவது. சிக்னல் போட்டுக்கொண்டு சந்தியில் நிற்கும் நேரம் முழுவதும் அது கொதிக்கும், விரல் வைக்க முடியாது. தகட்டில் ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டிய அந்தச் சாமானை, பிளாஸ்டிக் பட்டியால் கம்பிக் கட்டோடு சேர்த்துக் கட்டியிருப்பதை அந்தப் பாஸின் கராஜிலேயே இன்னொரு காரில் பார்த்தேன். சுற்றியிருந்த கம்பிகளின் தோல் பழுப்பேறி வெடித்திருந்தது. மின்சாரம் மிச்சம் என்று எல்.ஈ.டி. வாங்கி, மிச்சமான மின்சாரத்தை எரித்துத் தீர்க்க இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறார் அந்த மனிதர். யார் சொல்லி? கடையில் சொல்லி.

நடுவில் ஒற்றை விளக்குப் பூட்டுகிறவர்கள் இன்னொரு ஆபத்தை இழுத்து விடுகிறார்கள். இடம் போட்டாலும் வலம் போட்டாலும் அது மினுக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் அதில் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டயோட் போட்டால் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் போகும். போடாவிட்டால் இடப்பக்க மின்சாரம் அந்த விளக்கு வழியாக வலப்பக்கத்துக்கும் பாய்ந்து, நான்கு மூலையும் ஒன்றாக மினுக்கும். ஓட்டுகிறவர் இடப்பக்கம் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவனுக்கு அது டபுள் சிக்னல். ஏற்கெனவே டபுள் சிக்னலுக்கு நம் ஊரில் ஆளுக்கொரு அர்த்தம். சந்தியில் நேரே போகிறேன் என்பதற்கும் அதுதான், கொத்து ரொட்டி வாங்க நடுவீதியில் நிறுத்தினாலும் அதுதான், பஸ் ஆள் இறக்கினாலும் அதுதான். இதற்குள் இடப்பக்கம் திரும்புகிறவனும் வந்து சேர்ந்துவிட்டான்.

கூடுதல் விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவை இருக்கிறது. உணவுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களில் அந்தப் பெட்டி பின் சிக்னலை அரைவாசி மறைத்துவிடுகிறது, பாவம் அந்தப் பெடியன்கள் மழையிலும் இருட்டிலும் ஓடுகிறார்கள். பாடசாலை வேனுக்கும், பின்னால் சாமான் ஏற்றுகிற லொறிக்கும் உயரத்தில் இன்னொரு சிக்னல் இருந்தால் நல்லதுதான். அதே பக்கத்தில், அதே மஞ்சளில், அதே வேகத்தில், ரிலே போட்டு, ஈயம் வைத்து, பியூஸ் வைத்துச் செய்யுங்கள். அப்படிச் செய்த ஒரு வேலையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இதைப் பார்க்க வேண்டியவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அடுத்த வயிற்றெரிச்சல். சட்டம் புதிதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம், அப்போதிருந்து எத்தனையோ திருத்தங்கள். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் ஓட்டோக்களிலும் அனுமதியில்லாமல் பூட்டியவற்றைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். பஸ் சங்கங்களும் ஓட்டோ சங்கங்களும் எதிர்த்தன. பிறகு அவகாசம் என்றார்கள். அந்த நாட்களில் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நடந்த பேச்சு முழுவதும் அலங்காரம் பற்றியது. ஸ்டிக்கர் இருக்கலாமா, சாமி படத்துக்கு விளக்கு வைக்கலாமா, மட்கார்ட் கம்பி இருக்கலாமா. சிக்னல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒருவராவது கேட்டதாக என் காதில் விழவில்லை. கழற்றியவர்களும் விளக்கைத்தான் கழற்றினார்கள். சீவிய கம்பியை ஈயம் வைத்து மூடும்படி யார் சொன்னார்? விளக்கு போன பிறகும் அந்தத் திறந்த முனை டேப்புக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது, பொடியில் பட்டால் ஷோர்ட்.

வருஷா வருஷம் நாம் எல்லாரும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். மேல் மாகாணத்தில் 2008 இல் தொடங்கிய நடைமுறை. வரிசையில் நின்று, காசு கட்டி, எஞ்சினை உறுமவிட்டு, புகைக்குழாயில் குழாய் சொருகி அளந்து, சான்றிதழ் வாங்கி, காப்புறுதியையும் சேர்த்துக் கொடுத்தால் ஓட்டோவுக்கும் காருக்கும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். புகை அளக்க வேண்டியதுதான், கொழும்பின் காற்றைச் சுவாசிக்கிற எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் என் வேன், முன் சிக்னல் செத்த நிலையிலேயே அந்தப் பரிசோதனையில் சித்தியடைந்து சான்றிதழோடு வந்திருக்கிறது. இந்த நாட்டில் வீதி விபத்தில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் நடந்து போனவர்களும் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் எத்தனை பேர் என்று பார்த்தால் மனம் தாங்காது. எதிரே வருகிற வாகனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் அதிகம் அடிபடுவது அவர்கள்தானே.

என் வேன் வேலையை அந்தப் பாஸ் இரண்டு நாள் எடுத்துச் செய்தார். 155 பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்குமாக அலைந்தேன். களிம்பு பிடித்த கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எறிந்து புதுக் கம்பி சேர்த்தார், ஈயம் வைத்தார், மேலே சூடு காட்டினால் இறுகும் குழாயைப் போர்த்தினார். முன் பல்ப் ஹோல்டரின் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். இரண்டு ரிலே பூட்டி, பம்பர் விளக்குகளை அப்படியே வைத்துக்கொண்டோம். கடைசியில் என்னைச் சீட்டில் உட்கார வைத்து இடப்பக்க சிக்னல் போடச் சொன்னார். டக், டக் என்று நிதானமாக அடித்தது. அவர் முன்னால் போய் பல்பைக் கழற்றினார். டக்டக்டக்டக் என்று படபடத்தது. மறுபடி பூட்டினார், நிதானமானது.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புகைப் பரிசோதனை நிலையத்தில் வண்டி எப்படியும் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறது, ஒரு ஊழியர் பின்னால் நிற்கிறார், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இடம் போடு, வலம் போடு, நான்கு மூலையும் மஞ்சளாக எரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, படிவத்தில் ஒரு கட்டம் கூட்டிச் சேர்க்க மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் உத்தரவு போட்டால் போதும். அதற்குத் தனிக் கட்டணம் என்றால் அதையும் கட்டுகிறேன்.